உப்பு நகரத்தின் எல்லைகள்

உலகங்களைப் படைப்பவர்கள் இருவருக்குள் சண்டை வந்தால் வானம் இடிந்து விழும் என்று நினைப்போம். விழவில்லை. வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது.

அனுப்பியவர் பெரிய விளையாட்டுப் பதிப்பகம் ஒன்றின் சேர்மன். விசிட்டிங் கார்டில் 'பல உலகங்களின் தந்தை' என்று போட்டுக்கொண்டவர். சொந்தப் பிள்ளை அவரோடு பேசுவதில்லை என்பதைக் கார்டில் போடவில்லை. பெற்றுக்கொண்டவர் மச்சான். அவருடைய குட்டிப் பதிப்பகத்தின் நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி, படைப்புத் தலைவர் ஆகிய மூவரும் நகலெடுக்கும் கடையின் பின்பாதியில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், மூவரும் மச்சானே.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் மச்சானின் தங்கை புருஷன். எல்லோரும் அவனை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். அவன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதாக மாமியார் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நிம்மதியை யாரும் கெடுக்கவில்லை.

அவன் நடத்தியது மேஜை விளையாட்டு. மனைவி, மச்சான், மாடிவீட்டுப் பல் டாக்டர் மூவரும் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி என்று வேஷம் எடுத்துக்கொள்வார்கள். மாஸ்டர் ஒரு ஊரைச் சொல்வான். அந்த ஊரில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். தகராறு வந்தால் பகடை தீர்த்துவைக்கும். அவன் மேஜையில் ஒரே சட்டம்தான்: ஆடுகிறவர் சொன்னதை மாஸ்டர் மறுக்கக் கூடாது. "இந்தக் கிணத்துக்குள்ள எங்க சித்தப்பா இருக்கார்" என்று டாக்டர் திடீரென்று சொல்வார். மாஸ்டர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "சரி. ஆனா அவர்கூட இன்னொருத்தரும் இருக்கார்" என்பான்.

அப்படி வளர்ந்ததுதான் உப்பு நகரம். சுரங்கத்துக்கு அடியில் ஒரு ஊர், வாசலில் கண் தெரியாத காவலன், உள்ளே ஒரு கறுப்பு ஏரி. கல்யாணத்துக்கு முன்பே மனைவி அந்த ஏரியில் படகுக்காரியாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். மச்சான் அதைப் புத்தகமாகப் போட்டார். கொஞ்சம் விற்கவும் செய்தது. சேர்மனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பூமிக்கு அடியில் ஊர் கட்டும் உரிமை தன் பாதாளபுரிக்கே சொந்தம், இது அப்பட்டமான நகல் என்றார். தோற்றால் புத்தகத்தைக் கடைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். மாஸ்டர் இனி உப்பு நகரத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. மச்சானுக்கு முதலாவது வலித்தது. மாஸ்டருக்கு இரண்டாவது.

மச்சான் பிடித்துவந்த வக்கீல் நிலத்தகராறில் புலி.

"நகரத்துக்கு எல்லை சொல்லுங்க. கிழக்கே யாரு?"

"பாறை சார்."

"மேற்கே?"

"அதுவும் பாறைதான். பூமிக்கு அடியில இருக்குல்ல."

"நடுவுல?"

"ஏரி."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "ஏரியைப் பத்தி வாயைத் திறக்காதீங்க. நீர்நிலைன்னா அரசாங்கம் உள்ள வந்துடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மத்தியஸ்தர் முன்னாடி ஒரே கேள்விதான். அவங்க புத்தகத்தைப் பாத்து எழுதினீங்களா? இல்லைன்னுடுங்க. மூணே எழுத்து."

"நிஜமாவே பாக்கல சார்."

"அது உங்க அதிர்ஷ்டம். பாத்திருந்தாலும் அதே மூணு எழுத்துதான்."

மேஜையில் அந்த வார்த்தையைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால் வீட்டில் ஒத்திகை நடந்தது.

"ஏங்க, காபி வேணுமா?"

"இல்லை."

"இன்னும் கொஞ்சம் அழுத்தமா. வேணும்ங்கிற மாதிரியே இருக்கு."

மத்தியஸ்தர் ஓய்வுபெற்ற நீதிபதி. குளிரூட்டிய அறை, நீள மேஜை, ஓரத்தில் ஒலிப்பதிவுக் கருவி. சேர்மன் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியோடு வந்தார். நடக்கும்போது அதைக் கையில் தூக்கிக்கொண்டார். அவருடைய வக்கீலம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க புத்தகத்தைப் பாத்து எழுதினீங்களா?"

"இல்லை."

அழகாக விழுந்தது. மச்சான் வெற்றிக்கென்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வக்கீலம்மா கைப்பையிலிருந்து ஒரு பகடையை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

"நான் ஒரு உப்பு வியாபாரி. உங்க ஊர் வாசலுக்கு வர்றேன். இருட்டுல தூணைத் தடவறேன். ஒரு முத்திரை தட்டுப்படுது. பாதாளபுரிக் கொத்தனாருங்க முத்திரை."

மேஜை இருந்தது. பகடை இருந்தது. ஆடுகிறவர் ஒன்று சொல்லிவிட்டார்.

"சரி," என்றான் மாஸ்டர். "ஆனா காவலன் உங்க கையைப் பிடிச்சுக்கறான்."

"ஏன்?"

"அந்த முத்திரையை மறைக்கத்தான் அவனை அங்க நிறுத்தியிருக்காங்க. இந்த ஊர்க்காரங்க தாத்தாமாரெல்லாம் பாதாளபுரியிலேர்ந்து தப்பிச்சு வந்தவங்க. வரும்போது அந்த ஊர் வரைபடத்தைத் திருடிட்டு வந்து, இங்க அப்படியே கட்டிக்கிட்டாங்க. பேரப்பிள்ளைங்களுக்குத் தெரியக் கூடாது."

மச்சான் மேஜைக்கு அடியில் உதைத்தார். உதை மத்தியஸ்தர் காலில் போய் விழுந்தது. அவர் திடுக்கிட்டு விழித்து, "அப்புறம்?" என்றார்.

"ஆக, எங்க ஊரைப் பாத்துக் கட்டினதுதான் உங்க ஊரு?" என்றாள் வக்கீலம்மா.

"சரித்திரப்படி பாத்தா, ஆமாங்க." மாஸ்டர் முகமெல்லாம் வெளிச்சமாக மத்தியஸ்தர் பக்கம் திரும்பினான். "நீங்க என்ன பண்றீங்க?"

மத்தியஸ்தர் தீர்ப்பு எழுதினார்.

"சார், அது இப்பதான் வாயில வந்தது சார்!"

"வாயில வந்ததைத்தான்பா இங்க பதிவு பண்ணுவோம்."

படிக்கட்டில் மச்சான் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் இறங்கினார். "ஒரு 'இல்லை' சொன்னீங்களே மாப்ள, அற்புதமா. கைவசம் இன்னொண்ணு வெச்சிருக்கக் கூடாதா?"

"நல்லவேளை, ஏரியைச் சொல்லல" என்றார் வக்கீல்.

நகரத்தோடு ஏரியும் சேர்மனுக்கே என்று தீர்ப்பில் இருந்தது.

மச்சானின் நிறுவனம் ரசீதுப் புத்தகம் அடிக்கப் போய்விட்டது. மாஸ்டர் வேறு ஊர் படைக்க உட்கார்ந்தான். பாலைவனத்தில் ஒரு சந்தை என்று தொடங்கினான். மூன்றாம் வாக்கியத்தில் எவனோ கிணறு தோண்டினான், உப்பு வந்தது. மலையுச்சியில் ஒரு மடம் கட்டினான். அதற்கு நிலவறை வந்தது. பேனாவை மூடிவைத்தான்.

சேர்மனின் பாதாளபுரி புதிய பதிப்பாக வெளிவந்தது, உப்பு நகரத்தையும் சேர்த்துக்கொண்டு, தலையணை கனத்தில். முதல் பக்கத்தில் கைத்தடியோடு அவர் படம். அடுத்த பக்கத்தில், தாத்தாமார் வரைபடத்தைத் திருடிவந்த கதை, மாஸ்டர் சொன்ன சொல் மாறாமல், சேர்மன் பெயரில். ஒரு ஞாயிறு மதியம் டாக்டர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிவந்தார்.

"வீட்டுக்குள்ள ஆடறதை எவன் கேக்கப்போறான்? புக்கு என்கிட்ட இருக்கு, நானே நடத்தறேன்."

மாஸ்டர் ஆடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஏரிக்கரைக்குப் போறேன் டாக்டர்."

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். "ஏரி இல்லைங்களே. இந்தப் பதிப்புல வத்திப்போச்சு. இப்ப அங்க ஆயுதக் கிடங்கு."

"அப்ப நான் எங்க இருக்கேன்?" என்றாள் மனைவி.

டாக்டர் கடைசிப் பக்கப் பெயர்ப் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடியும் வந்தார். "படகுக்காரின்னு யாரையும் போடலம்மா. வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா? காவல்காரி இருக்கு."

"துணி காயுது" என்று அவள் எழுந்து போனாள்.

மாஸ்டர் பகடையைக் கையில் எடுத்தான். மேஜையில் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே வைத்தான்.

"கிடங்குல நீங்க என்ன பண்றீங்க?" என்று டாக்டர் அடுத்த நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வாள் எடுத்துக்கறேன்" என்றார் மச்சான்.