மாற்று வேட்பாளர்

எங்கள் ஊரில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அதில் மணியும் ஓடுகிறது. இருந்தாலும் ஐஸ் பேக்டரி சங்கு ஊதினால்தான் மணி ஆனதாக அர்த்தம். கடைசிச் சங்கு பிற்பகல் மூன்றுக்கு. படகுக்காரர்கள் ஐஸ் ஏற்ற வருவதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையைத் தூக்குவதும் அந்தச் சங்குக்குத்தான். அந்த பேக்டரிக்கு நான் மேனேஜர். ஊருக்கே மணி சொல்கிற நான் இங்கேயே உட்கார்ந்திருக்க, என்னிடம் கம்ப்ரஸர் ரிப்பேர் பார்த்தவன் எம்.எல்.ஏ. ஆகிவிட்டான். வயிறு எரியாதா? எரிகிறது. பதினைந்து வருஷமாக எரிகிறது.

அவன் வேற்றாளாக இருந்தாலாவது வாய் நிறையத் திட்டலாம். என் தங்கை புருஷன். ஊர் இன்னும் அவனை மெக்கானிக் என்றுதான் கூப்பிடும். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அது எனக்கு வரவேண்டிய பதவி. கட்சி என்னைத்தான் முதலில் வேட்பாளராகப் போட்டது. கட்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளர் மனு கொடுக்கும்போது கூடவே இன்னொருத்தரும் மனு கொடுப்பார். முதல் ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கட்சி அம்போ என்று நிற்கக் கூடாதே. அவருக்கு மாற்று வேட்பாளர் என்று பெயர். வண்டிக்குப் பின்னால் தொங்குகிற ஸ்டெப்னி டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மாப்பிள்ளையை ஸ்டெப்னியாகப் போட்டேன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன், அவனால் எனக்கு என்ன ஆபத்து?

அவன் எண்ணெய்ச் சட்டையோடு முன்னதாகப் போய் மனு கொடுத்துவிட்டான். நான் ஜீப், பேண்டு வாத்தியம், கொடி என்று ஊர்வலமாகப் போனேன். மார்க்கெட் முக்கில் ஒரு சின்னப் பேச்சு, பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய பேச்சு. மூன்று மணிக்குள் போகவேண்டும் என்று தெரியும். சங்குதான் இன்னும் ஊதவில்லையே என்று நிதானமாகக் கையாட்டிக்கொண்டு போனேன். சங்கு எப்படி ஊதும்? அதை ஊத வேண்டியவன் என் ஜீப்புக்கு முன்னால் விசிலடித்து ஆடிக்கொண்டிருந்தான்! நான் போய்ச் சேர்ந்தபோது தேர்தல் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். ஸ்டெப்னி வண்டியே ஆகிவிட்டது.

அந்தப் பிரசாரம் முழுக்க அவன் நொண்டிக்கொண்டே நடந்தான். "ஐயோ, இந்தக் காலோட வீடு வீடா வர்றாரே" என்று பெண்கள் உருகினார்கள். ஓட்டுக்காக நொண்டுகிறான், நமக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று எனக்கு இன்னும் எரிந்தது. ஜெயித்தான். அடுத்தடுத்து இரண்டு தடவையும் ஜெயித்தான்.

சட்டமன்றத்தில் அவன் பேசுவதைப் பார்க்க ஒரு தடவை போனேன். பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்தார்கள். அவன் எழுந்தான், இருமினான். "இறங்குதுறையில விளக்கு இல்லீங்க. போன மாசம் ஒருத்தர் தவறி விழுந்துட்டாரு" என்றான். உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான்! நானாக இருந்தால் கடலில் ஆரம்பித்துக் கப்பலைத் தொட்டு, மந்திரி கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை விட்டிருக்க மாட்டேன். ஆனால் விளக்கு வந்துவிட்டது. பின்னால் அலையைத் தடுக்கிற கல்சுவர் வந்தது. ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வந்தார். ஒவ்வொன்று வரும்போதும் ஊர் சந்தோஷப்பட்டது, நான் மட்டும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அவனிடம் இருக்கிற ஒரே வித்தை, கேட்பது. எஞ்சினில் எங்கே தட்டுகிறது என்று கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் முடிக்கும் வரை கேட்பான். என் மனைவிகூட, "உங்க மாப்பிள்ளை கிட்ட சொன்னா மனசு லேசாகுதுங்க" என்றாள். நான் ஏதோ மூட்டை தூக்கி வைத்த மாதிரி.

நாலாவது தேர்தலுக்கு வழக்கமான மாற்று வேட்பாளர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், இந்தத் தடவை மாத்து வேட்பாளரா நீங்க மனு போடுங்களேன்."

"உனக்கு ஸ்டெப்னியாவா?"

"நீங்க உள்ள இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. போட்டேன். ஏன் போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்சிக்காக என்று சொல்லியிருப்பேன்.

மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். சத்தமில்லாமல் போய் மனுவைக் கொடுத்துவிட்டு, அலுவலகத்துக்குள் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவர்க் கடிகாரம். முள் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்வலத்தைக் காணோம். அவன் வராவிட்டால் நான்தான் வேட்பாளர்.

தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, இவரு மார்க்கெட் முக்குல நின்னுட்டாரு. யாரோ ஒரு அம்மா குறையைச் சொல்லுது, நகர மாட்டேங்கறாரு. நேரம் இருக்குல்ல?"

அவள் பேச்சுக்குப் பின்னால் பேண்டுச் சத்தம். அதற்கு நடுவே ஒரு விசில். அந்த விசிலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். சங்கு ஊதுகிறவன்! மனுநாளில் பேக்டரியை விட்டு நகரக் கூடாது என்று அவனுக்கு நான் போட்ட உத்தரவு ஊருக்கே தெரியும். மேனேஜர் இந்தப் பக்கம் வந்ததும் அவன் அந்தப் பக்கம் ஆடப் போய்விட்டான்.

"சங்குதான் இன்னும் ஊதலையேம்மா" என்றேன். "ஊதட்டும், பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டேன். நாக்கு கூசவில்லை. பொய்யும் இல்லை பாருங்கள், சங்கு ஊதவில்லைதானே?

கதவருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பழைய பியூன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க அந்த மச்சான்தானே? உங்களால அன்னிக்கு எனக்கு வேலையே போகப் பாத்துச்சுங்க."

"என்னாலயா?"

"மூணு மணிக்கு நான் கதவைச் சாத்தறேன், உங்க மாப்பிள்ளை குறுக்க காலைக் கொடுத்துட்டாரு. 'எங்க மச்சான் வந்துக்கிட்டே இருக்காரு, வாத்தியம் கேக்குது பாருங்க'ன்னு கெஞ்சறாரு. அதிகாரி சத்தம் போடறாரு. நான் பயத்துல இழுத்துச் சாத்திட்டேன். கட்டைவிரல் நகம் பேந்து ரத்தம். அப்பவும் காலை எடுக்கலீங்க. ரெண்டு பேர் புடிச்சு இழுத்தோம்."

எனக்கு நன்றி பொங்கியது என்று நினைக்காதீர்கள். இதிலும் என்னை முந்திக்கொண்டானா என்றுதான் முதலில் தோன்றியது. பதினைந்து வருஷத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால், செய்ததைச் சொல்லிக் காட்டுகிறான் என்று அதற்கும் திட்டியிருப்பேன். அதைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை அந்தப் பாவி.

தங்கைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டேன். எடுக்க மாட்டான், யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவன் போனை எடுப்பதே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பியூன் ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டுக் கதவில் கை வைத்துவிட்டார்.

பேக்டரிக்குப் போட்டேன். ஆபீஸில் டைப் அடிக்கிற அம்மா எடுத்தாள்.

"சங்கை ஊது!"

"சார், இன்னும் மணி ஆகலையே. அதுவும் ஊதற ஆள் இங்க..."

"எனக்குத் தெரியும். நீயே போய்ச் செவப்புக் கைப்பிடியை இழும்மா. இப்பவே!"

என் வாழ்நாளில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். சங்கு ஊதியது. பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், கடற்கரை எல்லாம் கேட்க, நீளமாக ஊதியது. அலுவலகத்தில் எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மார்க்கெட் முக்கில் பேண்டுச் சத்தம் பட்டென்று நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடியைப் போட்டுவிட்டுக் கூட்டமே ஓடிவந்தது. எல்லாருக்கும் முன்னால் எம்.எல்.ஏ., செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வயசில், அப்படி ஓடினான்.

பியூன் பாதிக் கதவைச் சாத்தியிருந்தபோது உள்ளே வந்து விழுந்தான். மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். பிறகுதான் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். மூன்றாக இன்னும் கொஞ்சம் இருந்தது. பார்வை மெல்ல என் பக்கம் திரும்பி, என் கையிலிருந்த போனில் நின்றது.

பின்னாலேயே வந்த தங்கை வாசலில் நின்றுகொண்டு, "ஊதட்டும்னு சொன்னீங்க, ஊதிடுச்சே அண்ணே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். காலைக் குனிந்து தடவிக்கொண்டான். கட்டைவிரலில் நகம் கோணலாக முளைத்திருந்தது. இத்தனை வருஷம் அதை நான் பார்த்ததே இல்லை.

"மச்சான்" என்றான் மெதுவாக. "அன்னிக்கு எனக்கு இது தோணலையே. நான் பாட்டுக்குக் காலை வச்சுக்கிட்டு நின்னேன். பேக்டரிக்குப் போன் பண்ணணும்னு தோணவே இல்லையே."

தலையைச் சாய்த்துக்கொண்டு நான் பதில் சொல்லக் காத்திருந்தான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். சத்தியமாகப் பட்டான், கண்ணில் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு நான் இன்னொரு ஐந்து வருஷம் ஓட்டிவிடுவேன்.