பாகலூர் ரோட்டு ஷெட்டில் ஒரு ரீஸ்டார்ட்

“அக்கா, அதுல என்னமோ வந்துக்குது.”

ஷெட்டில் உதவிக்கு இருந்த மாதேஷ் சொன்ன தோரணையிலேயே மேகலாவுக்குப் புரிந்துவிட்டது. டீ டம்ளரை எங்கே வைத்தோம் என்று பாராமல் வைத்துவிட்டு ஓடினாள்.

“எதுல?”

“லேப்டாப்புலதான். மூலையில. நான் தொடலீங்க்கா, மாதேஸ்வர சாமி மேல சத்தியமா.”

தொட்டிருக்க மாட்டான். அந்த ஷெட்டில் மெஷின் ஓடும்போது லேப்டாப்பை யாரும் தொடுவதில்லை. மவுஸைக் கழற்றி டூல் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். விசைகளின் மேல் சிவப்புத் துணி விரித்திருக்கும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு லேப்டாப்பின் முதுகில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கோயில் மூலவருக்குக்கூட அவ்வளவு பயபக்தி கிடையாது.

காரணம் இருந்தது. இரும்பைத் தானாகச் செதுக்குகிற அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் பழசு, புரோகிராமை வைத்துக்கொள்கிற வயிறு சின்னது. பிளாஸ்டிக் மூடி வார்க்கிற அச்சு ஒன்றை இரும்பில் செதுக்க வேண்டுமென்றால் புரோகிராம் லட்சக்கணக்கான வரி வரும். அத்தனையையும் அது ஒரே வாயில் விழுங்காது. லேப்டாப்தான் கேபிள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிவிட வேண்டும். ஊட்டுகிற கை நின்றால், செதுக்குகிற டூல் இரும்பின் நடுவே நின்ற இடத்திலேயே நின்று சுற்றும். சுற்றிய இடத்தில் தழும்பு விழும். பளபளவென்று வரவேண்டிய அச்சில் தழும்பு விழுந்தால் அது காயலான் கடைக்குத்தான்.

போன வாரம் அப்படித்தான் ஆனது. கடைசி இழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் என்று சொல்லி லேப்டாப் தானாக அணைந்து தானாக எழுந்தது. அச்சுக்கான இரும்புக் கட்டி பாழாகிப் போயிற்று. கம்பெனிக்காரர் நல்ல மனிதர், இன்னொரு கட்டியை அனுப்பினார். “இதுவும் போச்சுன்னா சொல்லிடுங்கம்மா, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்” என்றார்.

அவராவது கம்பெனிக்காரர். மேகலாவின் புருஷன் சிவராஜ் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

“இந்த ஒண்ணு ஒழுங்கா வந்தா ஷெட்டு உன்னுது. வரலியா, வாடகைக்குக் கேக்கற பார்சல் குடோன்காரனுக்கு சாவிய குடுத்துர்றேன். அப்புறம் அழுவக் கூடாது.”

“நான் எப்ப அழுதேன்?”

“அதான் சொல்றேன், அழுவாத.”

டூல் அண்ட் டை டிப்ளமோ படித்து, பெரிய கம்பெனி ஒன்றில் பல வருஷம் அச்சு செய்து, வேலையை விட்டு, புருஷனுக்குப் பங்கில் வந்த நிலத்தில் தகரம் போட்டு மெஷின் இறக்கியவள் மேகலா. தலையாட்டினாள்.

இன்றைக்கு சிவராஜுக்கு லீவு. வேலையைப் பார்க்க வந்தாரா, வேடிக்கை பார்க்க வந்தாரா தெரியாது. வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குடோன்காரர் காலையிலிருந்தே அவருக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

மேகலா குனிந்து படித்தாள். அப்டேட்டை முடிக்க இந்தக் கணினி பதினைந்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகும் என்றது.

“ஆவாதுன்னானே!” என்றாள் வாய்விட்டு.

சொன்னவன் அவள் தம்பி நவீன்குமார். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை இதற்காகவே பஸ் ஏறி வந்தான்.

“விண்டோஸ்ல வீட்டுக்குன்னு தர்ற ஹோம் எடிஷனா வாங்கிக்கிற? இதுல பாலிசி எடிட்டரே இருக்காதேக்கா.”

“கடைக்காரன் குடுத்தான், வாங்கினேன். அது இல்லன்னா என்னடா?”

“அதுலதான் ‘ஆள் உள்ள இருக்கும்போது தானா ரீஸ்டார்ட் ஆவாத’ன்னு உத்தரவு போடணும். இரு, வரவெச்சிக் காட்டறேன்.”

ஏதோ ஒரு ஃபைலை இறக்கினான். கறுப்புத் திரையில் எழுத்து மழையாகக் கொட்டியது. கடைசியில் எடிட்டர் வந்தே விட்டது. உள்ளே போய் அந்த உத்தரவைத் தேடி, ‘எனேபிள்டு’ என்று புள்ளி வைத்தான்.

“முடிஞ்சிது. இனிமே உன்னக் கேக்காம அது மூச்சுகூட விடாது.”

“இந்த மாதேஷ் செட்டிங்ஸ்ல பூந்து எதையாச்சும் நோண்டறான்டா.”

“செட்டிங்ஸயும் பூட்டிட்டேன், போ.”

களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டு அனுப்பி வைத்தாள். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது போனை எடுத்தாள்.

“டேய் நவீன், ரீஸ்டார்ட் ஆவப் போவுதுன்னு வருதுடா.”

“மீட்டிங்ல இருக்கேன்க்கா…”

“மீட்டிங்க தூக்கிக் குப்பையில போடு! எனேபிள்டுன்னு போட்டியா இல்லியா?”

“போட்டனே. நீயும் பாத்தியே. அக்கா… ஹோம் எடிஷன்ல சில உத்தரவு எழுத்துல இருக்கும், ஆனா சிஸ்டம் அத மதிக்காதுன்னு படிச்சிருக்கேன். இது அந்த ரகமோ என்னமோ.”

“எப்ப படிச்ச?”

“…இப்பத்தான்.”

“இங்க எட்டூருக்குக் கேக்கற மாதிரி அளந்தியேடா! சரி, என்ன செய்யணும்?”

“செட்டிங்ஸ்ல போனா ரீஸ்டார்ட் நேரத்த நாளைக்குத் தள்ளி வெச்சிக்கலாம்க்கா. அதுக்கு எடிட்டரே வேணாம். சாதாரணமா எல்லாருக்கும் இருக்கறதுதான்.”

“அத ஞாயித்துக்கெழமையே சொல்றதுக்கென்ன? மாதேஷ், மவுச எடு!”

மாதேஷ் பெட்டியைக் கவிழ்த்தே விட்டான். இரும்புச் சுருள்களுக்கு நடுவிலிருந்து மவுஸ் வந்தது. கேபிளுக்குப் பக்கத்துத் துளையில் அதைச் சொருகும்போது மேகலா இன்னொரு கையால் கேபிளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கேபிள் ஆடினால் அங்கேயே கதை முடிந்தது. ஆடவில்லை. செட்டிங்ஸை அழுத்தினாள்.

கட்டுப்பாடுகள் காரணமாக இது ரத்து செய்யப்பட்டது, நிர்வாகியை அணுகவும் என்று வந்தது.

“நிர்வாகியா? யாரு இங்க நிர்வாகி?”

“நீங்கதான்க்கா” என்றான் மாதேஷ்.

“அவ தம்பி” என்றார் வாசலிலிருந்து சிவராஜ்.

“நவீனு, நீ போட்ட பூட்டுடா இது! நான் கேட்டத அது மதிக்கல. மாதேஷுக்குப் போட்ட பூட்ட மட்டும் நல்லா மதிக்குது!”

“பூட்டற உத்தரவு மட்டும் ஹோம்லயும் வேல செய்யும்க்கா. கழட்டிரலாம். ரெஜிஸ்ட்ரில ஒரு வரிய அழிக்கணும், நான் சொல்றேன். அழிச்சிட்டு ஒருவாட்டி…”

“ஒருவாட்டி?”

“…ரீஸ்டார்ட் பண்ணணும்.”

மேகலா போனை வைத்துவிட்டாள்.

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை பாக்கி. அவள் மெஷின் கதவுக்குப் போனாள், லேப்டாப்புக்கு வந்தாள், மறுபடி கதவுக்குப் போனாள்.

“நெட்ட புடுங்கிரலாமாக்கா?”

“எல்லாத்தயும் எறக்கி வெச்சிக்கிட்டுத்தான் அது உத்தரவு போடுது. சும்மா இரு மாதேஷ், யோசிக்க உடு.”

“இதத்தான் சொன்னேன்” என்று சிவராஜ் எழுந்து வந்தார். “இத நம்பி ஒரு தொழிலா? போன வாரமும் இதே கூத்து.”

“ஏங்க, பத்து நிமிஷம் பேசாம இருங்க. அப்புறம் ஆயுசு பூராப் பேசுங்க.”

கண்ணாடிக்குள் பார்த்தாள். டூல் கட்டியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இழைத்துக்கொண்டே போனது. ஓரத்தைத் தாண்டி வெளியே வந்தது. ஒரு நகர்வு நகர்ந்து, திரும்பி உள்ளே போனது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே.

“மாதேஷ், உங்க அப்பா ஏர் ஓட்டும்போது நடுச்சால்லயா மாட்ட நிறுத்துவாரு?”

“எந்தக் கிறுக்கன் நிறுத்துவான்? வரப்புக்கு வந்துதான் நிறுத்துவாரு.”

“நாமளும் வரப்புல நிறுத்தலாம். அது நம்மள நிறுத்தறதுக்கு முன்னாடி நாம நிறுத்திரலாம்.”

“நாமளாவேவா!” மாதேஷ் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஓடுகிற இழைப்பை நிறுத்துவது என்பது அந்த ஷெட்டில் அபசகுனம்.

“மறுபடி ஆரம்பிக்கும்போது ஒட்டு தெரியுமே” என்றார் சிவராஜ்.

“தெரிஞ்சா சாவிய குடுத்துருங்க.”

மெஷினை நிறுத்துகிற பட்டன் மேல் விரலை வைத்து நின்றாள். டூல் வெளியே வந்தது. அழுத்தப் போனாள், பயம் வந்துவிட்டது. அதற்குள் அது உள்ளே போய்விட்டது. தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அடுத்த முறை வெளியே வந்ததும் அழுத்தினாள். டூல் காற்றில் நின்று வெறுமனே சுற்றியது. கட்டியைத் தொடவில்லை.

“எந்த வரின்னு மெஷின் ஸ்கிரீன போட்டோ எடு. சீக்கிரம். டூல புடிச்சிருக்கற ஸ்பிண்டில் சுத்தட்டும், சூடு ஆறினா அளவு மாறிரும்.”

பிறகு லேப்டாப்புக்கு வந்து, அது தானாக அணைவதற்கு முன்னால் அவளே ‘ரீஸ்டார்ட்’டை அழுத்தினாள். “போ. போய் என்ன வேணுமோ பண்ணிக்கிட்டு வா.”

திரை கறுத்தது. வட்டம் சுற்றியது. அணைக்க வேண்டாம் என்றது. முப்பது சதவீதத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மேகலா உட்காரவில்லை. சிவப்புத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“எவ்ளோ நேரம் ஆவும்?” என்றார் சிவராஜ்.

“அதுங்கிட்டயே கேளுங்க.”

“எங்கிட்டப் பேசற வாய அதுங்கிட்டப் பேசேன்.”

“அது திருப்பிப் பேசாது. அதான் எரிச்சல்.”

மாதேஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே சிந்திய இரும்புச் சுருள்களை அள்ளினான்.

லேப்டாப் எழுந்தது. புரோகிராமைத் திறந்து, தலைப்பு வரிகளை விட்டுவிட்டு, முடிந்துபோன பகுதியை வெட்டினாள். நிறுத்தின சாலுக்கு ஒரு சால் முன்னாலிருந்தே தொடங்கும்படி வைத்தாள். போட்டோவை ஒரு முறை பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள், மாதேஷையும் வரியைப் படிக்கச் சொன்னாள்.

“வேகத்த கொறச்சி வெய்யி. கை பட்டன்லயே இருக்கட்டும்.”

டூல் இறங்கியது. முன்பு இழைத்த சாலின் மேல் சத்தமே இல்லாமல் போயிற்று. அடுத்த சாலில் பழைய இரைச்சல் திரும்பி வந்தது. மேகலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அதே சுருதி. ஆனாலும் வேலை முடியும்வரை அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மெஷின் நின்றதும் கட்டியை எண்ணெய் போகத் துடைத்து மேஜை மேல் வைத்தார்கள். ஒட்டு தெரிகிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் கண்ணை நம்ப மாட்டார்கள். நகத்தால் இழுத்துப் பார்ப்பார்கள். தழும்பு இருந்தால் நகம் தட்டும். மேகலா கையை நீட்டினாள். ஏனோ பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“நீங்க பாருங்க.”

சிவராஜ் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்தார். குறுக்கே இழுத்தார். கட்டியைத் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டி மறுபடி இழுத்தார்.

“எங்க நிறுத்தின?”

“கண்டுபுடிங்க.”

“சொல்லேன்.”

“மாட்டேன்.”

இன்னொரு முறை இழுத்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை. அப்போது அவர் போன் அடித்தது. குடோன்காரர். கொஞ்ச நேரம் அது அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மேகலாவிடம் நீட்டினார்.

“நீயே சொல்லிரு.”

மேகலா கையைச் சிவப்புத் துணியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“ஆங், வணக்கம்ங்க. இல்லீங்க, ஷெட்டு காலியில்லீங்க. ஓடிக்கிட்டு இருக்குது.”