அத்தானின் வீங்கிய சூரியன்

மேசையின் தலைமாட்டில் அத்தான். என் அக்காளின் கணவர், பலூனில் தொலைநோக்கியை ஏற்றிச் சூரியனை அளக்கும் குழுவின் தலைவர். அவருக்கு வலப்பக்கம் பலூன்காரர், கீழே விழுந்த கருவியைச் சேற்றில் இறங்கி மீட்ட வெறுங்காலோடு. இடப்பக்கம் அளவுகளைக் கணக்குப் பார்க்கும் பெண். நான் கதவோரம், மடக்கு நாற்காலியில். முன்பு நான் அத்தானுக்கு அடுத்து உட்காருகிறவள்.

போன தடவை, தொலைநோக்கியைச் சுழற்றும் வளையம் மேலே குளிரில் உறைந்து நின்றுவிட்டது. வளையம் என் வடிவமைப்பு. ஹீட்டர் வைக்கச் சொன்னேன். எடை கூடும் என்று மறுத்தவர் அவர். அறிக்கையில் 'வடிவமைத்தவரின் கவனக்குறைவு' என்று எழுதி, ஆய்விலிருந்து என் பெயரையும் அடித்தார். அதுமுதல் குழுவின் கடிதங்களை எழுதுவதுதான் என் வேலை.

இந்த முறை ஹீட்டர் வைத்தார்கள். அதே வளையம் சுழன்றது. சூரியனின் விளிம்பை எல்லாக் கோணத்திலும் அளந்துகொண்டு கருவி இறங்கியது. சூரியன் நடுவில் யாரும் நினைத்ததைவிடப் பிதுங்கியிருக்கிறது என்று அறிவித்தார் அத்தான்.

நான் வரைபடங்களைப் பார்த்தேன்.

"அத்தான், கருவியைத் திருப்பினா வீக்கமும் கூடவே திரும்புதே. அப்ப வீக்கம் சூரியன்ல இல்ல, நம்ம தொலைநோக்கிக் கண்ணாடியில."

"வந்துட்டாங்கய்யா வளையத்தரசி! உன்னோடது நின்னுச்சு, என்னோடது ஓடுச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

பலூன்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். கணக்குப் பெண் மட்டும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பு. மதிப்பிட ஒருத்தர் பேரு நாமளே சொல்லலாம். பெரிய ஆளாப் போடு," என்றார் அத்தான் என்னிடம்.

எல்லோரும் தமக்கு வேண்டியவரைத்தான் போடுவார்கள். இத்துறையில் ஒரு கிழவர் உண்டு. இதே மாதிரி சூரியனை வீங்கவைத்த இருவரை அச்சிலேயே உரித்துக் காயப்போட்டவர். எந்தக் கட்டுரை போனாலும் அவர் முதலில் கேட்பது: "கருவியைத் திருப்பிப் பார்த்தாயா?"

அவர் பெயரைத் தெளிவாக எழுதினேன். எல்லாக் கோண அளவுகளையும் இணைத்தேன். ஒரு பொய்யும் எழுதவில்லை, தேவைப்படவில்லை.

"யாரு பேரு போட்ட?"

"இருக்கறதுலயே பெரிய ஆளு, அத்தான்."

"கெட்டிக்காரி! கோவத்தை மனசுல வச்சுக்காத, என்ன?" படிக்காமலே கையெழுத்திட்டார்.

அக்காளின் முகம் ஒரு கணம் கண்முன் வந்தது. என் பெயரை அடித்த அன்று, "போகட்டும் விடுடி" என்றவள் அவள்.

உறையின் ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் முனைமுதல் முனைவரை அழுத்தினேன். பியூனிடம் கொடுக்கவில்லை. நானே போய், தபால்காரர் பையைக் கட்டுவதற்குள் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.