கணக்கில் வராத குரல்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் போன் திருத்தும் கடையொன்றில் யசோதினிக்கு வேலை. ஆனால் அவளை அறிந்தவர்களில் பாதிப்பேருக்கு அவள் 'கலத்தார்' வட்ஸ்அப் குழுவின் அட்மின். 'தூரக்கலம்' கேட்பவர்களின் குழு அது. பூமியை விட்டுப் போய்த் திரும்பி வர வழி தெரியாத ஒரு விண்கலத்தின் கதை, யூடியூபில் ஒலி நாடகமாக வந்துகொண்டிருந்தது. எழுதித் தயாரிப்பவர் புவனேந்திரன், லுணுகலையில் விஞ்ஞான ஆசிரியர்.

குழுவில் பெரும்பாலும் ஒரே சண்டைதான். எது கதையில் உண்மையாக நடந்ததாகக் கணக்கில் வரும், எது வராது? கப்டன் முறுக்குச் சுட்ட தீபாவளிச் சிறப்புப் பாகம் வராது என்று தீர்த்தார்கள். புவனேந்திரன் ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் நாடகத்தில் இல்லை. அது வருமா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். யசோதினிக்கு எதிர்வாதம் எப்போதும் விஜேந்திரனிடமிருந்துதான் வரும். பஜார் வீதியில் அவன் குடும்பத்துக்கு இரும்புக்கடை. எதையும் இலேசில் நம்பமாட்டான்.

பிறகு அந்தக் கடைசிப் பாகம் வந்தது. எஞ்சின் திருத்துகிற ஆதிரை, மற்றவர்களைக் காப்பாற்ற வெளியே நின்றபடி கதவைப் பூட்டிவிடுகிறாள். எல்லாரும் அழுதார்கள். யசோதினியும் அழுதாள். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் ஏதோ இடித்தது.

ஆதிரைக்குக் குரல் கொடுப்பது மடுல்சீமை நிரஞ்சலா. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் அப்படித்தான் பெயர் சொல்வார்கள். நீளமான வசனத்துக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்கும். இந்தப் பாகத்தில் ஒரு இடத்திலும் மூச்சே இல்லை. ஆதிரை கடைசியில் சொல்லும் "வேணாம்", பழைய பாகமொன்றில் வந்த அதே "வேணாம்". யசோதினி இரண்டையும் வெட்டி அடுத்தடுத்து வைத்துக் கேட்டாள். இம்மியும் வித்தியாசமில்லை.

அதைக் குழுவில் போட்டாள். கம்ப்யூட்டரில் செய்த குரல், நிரஞ்சலாவுக்குத் தெரியாமல் திருடிய குரல் என்று பேச்சு கிளம்பியது. அப்படியென்றால் இந்தப் பாகமே கணக்கில் வராது, ஆதிரை சாகவில்லை என்றான் விஜேந்திரன். முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

யசோதினி புவனேந்திரனுக்குப் போன் எடுத்தாள். அவர் கோபப்படவில்லை, அதுவே அவளுக்குச் சந்தேகமாயிருந்தது. நிரஞ்சலாவின் நம்பரைக் கேட்டதற்குத் தரமுடியாது என்றார். அந்தப் பாகத்துக்கு நிரஞ்சலா வந்து பேசினாரா என்று கேட்டாள்.

"நாடகத்தக் கேட்டீங்கதானே, அது போதும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசறை வழியாக மடுல்சீமைக்குப் பஸ் ஏறினாள். கடைசித் துண்டு ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால் ஆட்டோக்காரர் பாதியில் இறக்கிவிட, தேயிலைத் தோட்டத்து லயம் வீடுகள்வரைக்கும் விசாரித்தபடி நடந்தாள். நிரஞ்சலா வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வழியில் விளையாடிய பிள்ளைகளை ஒதுங்கச் சொல்ல அவள் வாய் திறக்கவில்லை. இரண்டு தரம் கை தட்டினாள். பிள்ளைகள் விலகின.

தூரக்கலம் என்றதும் நிரஞ்சலா அவளை உள்ளே உட்காரச் சொன்னாள். சொன்னது காற்றைப்போல வந்தது. சத்தமே இல்லாத கரகரப்பு.

கழுத்தில் ஒரு கட்டி, எடுத்தாயிற்று என்றாள். அது குரல் நரம்போடு ஒட்டியிருந்தது. எடுத்தால் இப்படி ஆகலாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். பழைய ஒலிப்பதிவுகளை வைத்து ஆதிரையைப் பேசவைக்கும்படி அவள்தான் புவனேந்திரனிடம் கேட்டாளாம். யாரிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியமும் வாங்கினாளாம்.

யசோதினிக்கு முகம் சுட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்கமுடியவில்லை.

"மொதல்ல கேட்டது நீங்களா, புவனேந்திரன் சேரா, அக்கா?"

"நான்தான்," என்றாள் நிரஞ்சலா, வெளியே பிள்ளைகளைப் பார்த்தபடி. "இனிமே பேச முடியாதுன்னு தெரிஞ்சதும், அவ கதவுக்கு வெளிய நிக்கட்டும்னு சொன்னேன். அந்த வசனமெல்லாம் நான் எழுதுனது. பாவம்னு யாரும் சொல்றதக் கேக்கப் பிடிக்கல."

தேத்தண்ணீர் கொடுத்து, குழுவில் நடக்கும் சண்டையைக் கேட்டறிந்தபின் அவளே கேட்டாள்: "அப்ப அது கணக்குல வராதா, தங்கச்சி?"

யசோதினி தேத்தண்ணீரைக் கீழே வைத்தாள். வரும் என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. பதில் சொல்லும்போது ஏன் வெளியே பார்த்தாள்? புவனேந்திரன் செய்துவிட்டுப் பிறகு சம்மதம் கேட்டிருந்தால்? இதற்கு எந்த ஒலிப்பதிவையும் வெட்டி ஒட்டிப் பார்க்கமுடியாது. அந்த அக்காவின் வார்த்தையை எடுத்துக்கொள்ளவேண்டும், அல்லது விடவேண்டும். பசறை தாண்டும்போது எடுத்துக்கொண்டாள்.

கடைசிப் பாகம் கணக்கில் வரும், காரணம் சொல்லமுடியாது என்று குழுவில் எழுதினாள்.

மூச்சுச் சத்தத்தைக்கூட எண்ணிப் பார்க்க அவளிடமே பழகியவர்கள் அவளை எப்படி விடுவார்கள்? புவனேந்திரன் அவளுக்கு என்ன கொடுத்தார் என்று ஒருவர் கேட்டார். அவருடைய அடுத்த நாடகத்தில் குரல் கொடுக்க இடம் கிடைத்திருக்கும் என்றார் இன்னொருவர். விஜேந்திரன் நேரே கடைக்கு வந்தான். உடைந்த போன் எதுவும் கொண்டுவரவில்லை.

"யாரோ உனக்கு ஏதோ சொல்லியிருக்காங்க. யாரு?"

"சொல்ல வேண்டியவங்க சொன்னாங்க. பேர் சொல்ல மாட்டேன்."

"இதையே நான் சொல்லியிருந்தா நீ நம்புவியா?"

நம்பியிருக்கமாட்டேன் என்றாள். அவன் திரும்பிப் போனான். அதன்பிறகு அவன் அந்தக் கடைக்கு வரவில்லை.

குழு இரண்டாக உடைந்தது. பாதிக்கு மேல் விஜேந்திரனின் புதிய பேஸ்புக் பக்கத்துக்குப் போனார்கள். கடைசிப் பாகத்தைத் தள்ளிவிட்டு, கதையை அவர்களே தொடர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். அங்கே கதவு பூட்டப்படவே இல்லை. ஆதிரை உள்ளே இருக்கிறாள், எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறாள், கப்டனோடு சண்டை பிடிக்கிறாள்.

யசோதினி இதை நிரஞ்சலாவுக்குத் தயங்கித் தயங்கி எழுதி அனுப்பினாள். கோபம் வரும் என்று நினைத்தாள். மாலையில் பதில் வந்தது.

"அவ அங்க என்ன செய்றான்னு வாசிக்கணும். அந்தப் பக்கத்த எனக்கும் அனுப்புங்க."