சட்டைப்பை இருந்த பக்கம்

இரட்டையரில் மூத்தவள் ஏழு நிமிடம் பெரியவள். அந்த ஏழு நிமிடத்தை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வருடமாக நாட்டாமை பண்ணுகிறாள் என்பது இளையவளின் புகார். மூத்தவளுக்கு இடது கன்னத்தில் மச்சம். இளையவளுக்கு அதே மச்சம், அதே அளவில், வலது கன்னத்தில். பெற்றவளைத் தவிர மற்ற எல்லோரும் மச்சத்தைப் பார்த்த பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மூத்தவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இளையவள் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு, ஜன்னல் திரையும் சோபா உறையும் தைத்துக் கொடுப்பவள். அம்மாவுக்கு எழுபத்தைந்து முடிகிற வருடம், இருவரும் சேர்ந்து ஒரு போர்வை செய்வது என்று முடிவானது. சாதாரணப் போர்வை அல்ல. குடும்பப் படங்களைத் துணியில் அச்செடுத்து, சதுரம் சதுரமாக இணைத்து, நடுவே பஞ்சு வைத்து, அடிப்பக்கம் அப்பாவின் சட்டைத் துணியைக் கொடுத்துத் தைப்பது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய சட்டைகளை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் அம்மா அலமாரியிலேயே மடித்து வைத்திருந்தாள். இரண்டு பெண்களும் கேட்டதும், எதற்கு என்றுகூட விசாரிக்காமல் ஆறு சட்டைகளை எடுத்துத் தந்துவிட்டாள்.

தைப்பது இளையவள் பொறுப்பு. அச்செடுப்பது மூத்தவள் பொறுப்பு. "படம் புடிக்கிறதுதானே உன் வேலை, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள் தங்கை.

"நான் எலும்பைப் புடிக்கிறவடி. மூஞ்சியெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள் மூத்தவள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூத்தவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து வேலை தொடங்கியது. அம்மா வீட்டுச் சுவரிலிருந்தும் ஆல்பத்திலிருந்தும் எடுத்துவந்த படங்களை அவள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாள். படத்தை ஒரு மெழுகுத் தாள் போன்ற தாளில் பிரிண்டர் அச்சடித்துத் தரும். அந்தத் தாளைக் குப்புற வெள்ளைத் துணிமேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, ஆறியதும் உரித்தால் படம் துணிக்கு வந்துவிடும். இஸ்திரி அவள் கணவர் கை. அவர் ஹோட்டல் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். வீட்டில் கரண்டி பிடிக்கத் தெரியாது, இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தால் மட்டும் ராஜா.

பதினோரு மணிக்குள் பத்துச் சதுரம் ஆகிவிட்டது. நிறம் கொஞ்சமும் போகவில்லை. மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் சோபாவின் முதுகில் வரிசையாகத் தொங்கவிட்டு, தூர நின்று பார்த்தாள். டீ எடுத்துவந்த கணவரும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, நீ படிச்ச பள்ளிக்கூடத்துல போர்டு எந்த மொழியில இருக்கும்?"

"என்ன மொழின்னா? தமிழ்தான்."

"இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

பள்ளி ஆண்டு விழாப் படத்தில் போர்டு எழுத்துகள் அத்தனையும் திரும்பி நின்றன. அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். தாளைக் குப்புற வைத்து ஒட்டுவதால், கணினியிலேயே படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு அச்சடித்திருக்க வேண்டும். தாள் வந்த பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"தினமும் நூறு பேருக்கு இடது வலது பாத்து ஃபிலிம்ல குறி போடறவ நீ" என்றார் கணவர்.

"வாயை மூடிட்டு டீயைக் குடிங்க."

பத்தும் பாழ். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த எரிச்சல் அடங்குவதற்காக, அப்பாவின் சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தாள். தங்கை சொல்லியிருந்தாள், பையைப் பிரித்து எடுத்தால்தான் துணி சமமாகக் கிடைக்கும் என்று. சின்னக் கத்தரியால் ஒவ்வொரு பையாக நூலை அறுத்தாள். மூன்றாவது சட்டை முடிந்து நான்காவதை எடுத்தபோது, எதேச்சையாக எதிரே தொங்கிய பாழான சதுரங்களைப் பார்த்தாள்.

கல்யாணப் படத்தில் சித்தப்பாவின் சட்டைப்பை வலது பக்கம் இருந்தது. பெரியப்பாவுக்கும் வலது பக்கம். ஆண்டு விழாவில் வாத்தியாருக்கும் வலது பக்கம். திரும்பிய படம் அல்லவா, அப்படித்தான் இருக்கும். ஆனால் கடைசியில் தொங்கிய சதுரத்தில் அப்பாவின் சட்டைப்பை ஒழுங்காக இடது பக்கம் இருந்தது.

அவள் எழுந்து அருகே போனாள்.

அது துறைமுகத்தில் எடுத்த படம். அப்பா அங்கே கிரேன் ஓட்டியவர். வருடத்தில் ஒருநாள் ஊழியர்களின் குடும்பங்களை உள்ளே விட்டுக் கப்பல்களைக் காட்டுவார்கள். பெண்களுக்கு அப்போது நான்கு வயது. ஒரே மாதிரி கவுன். ஒருத்தி அப்பாவின் தோளில் உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். இன்னொருத்தி கீழே அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கால்சட்டையில் புதைத்து நிற்கிறாள். அம்மா வீட்டுப் படத்தில் தோளில் இருப்பவளுக்கு வலது கன்னத்தில் மச்சம். ஆகவே அது இளையவள். அம்மா வீட்டு ஹாலில் நாற்பத்தெட்டு வருடமாக அந்தப் படம் தொங்குகிறது. நாற்பத்தெட்டு வருடமாக அது இளையவள்தான்.

மூத்தவளுக்கு அந்தப் படம் ஒரு முள். பெரிய முள் இல்லை, நடந்தால் உறுத்துகிற முள். தங்கையோடு எந்தச் சண்டை வந்தாலும், "தோள்ல உக்காந்தவளுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு வார்த்தை கட்டாயம் வரும். தங்கையும் சளைத்தவள் இல்லை. அந்தத் தோளிலிருந்து கப்பலின் மேல்தளம் தெரிந்ததையும், அங்கே ஒருவன் கயிறு சுற்றிக்கொண்டிருந்ததையும் வந்தவர் போனவரிடமெல்லாம் கதைகதையாகச் சொல்வாள்.

மூத்தவள் சட்டமிட்ட அசல் படத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் அப்பாவின் பை வலது பக்கம். துணியில் இடது பக்கம். மடியில் பிரித்த சட்டைகளிலும் இடது பக்கம்.

"ஏங்க" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. "இந்தப் படத்தை ஸ்டுடியோக்காரன் ஃபிலிமைத் திருப்பி வச்சு பிரிண்ட் போட்டுட்டான். எக்ஸ்ரேயை மாத்தி மாட்டினா இடது கை வலது கை ஆயிடும் பாருங்க, அதே கதை."

"அதனால என்ன இப்ப?"

"தோள்ல இருக்கறது நான்."

கணவர் துணியையும் படத்தையும் அவள் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அடேங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

அன்று பிற்பகல் மற்ற ஒன்பது படங்களையும் சரியாகத் திருப்பி அச்சடித்தார்கள். துறைமுகப் படத்தை மட்டும் அவள் தொடவில்லை. வேலைக்கு நடுவே நாலைந்து முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சந்தோஷம் ஒரு பக்கம். இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்ற சங்கடம் ஒரு பக்கம். சொல்லாமலே வழக்கம்போல மச்சம் வலது பக்கம் வரும்படி அச்சடித்துத் தந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டதே.

மறுநாள் மாலை சதுரங்களை வாங்கிப்போக இளையவள் வந்தாள். மூத்தவள் சுற்றி வளைக்காமல் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"போடி. அப்பாவுக்கு எந்தத் தையக்காரனாவது பையை மாத்தி வச்சிருப்பான்."

"சரி, நீயே பாரு. நீதானே தையக்காரி."

இளையவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டமிட்ட படத்தின்மேல் குனிந்தாள். பையைப் பார்க்கவில்லை. பட்டன் பட்டியைப் பார்த்தாள். ஆண்கள் சட்டையில் எந்தப் பக்கம் மேலே வரும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"பட்டனும் மாறித்தான் இருக்கு."

இளையவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"அப்ப அந்தக் கப்பல், அந்தக் கயிறு சுத்துறவன், இதெல்லாம் நான் எங்கேருந்துடி பாத்தேன்?"

மூத்தவளுக்கு இத்தனை வருடம் கேட்க ஏங்கிய ஒன்று கையில் கிடைத்தும், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கொண்டாட முடியவில்லை. "வேணும்னா பழைய மாதிரியே அச்சடிச்சுத் தரேன்டி. சுவத்துல இருக்கற மாதிரியே இருக்கட்டும்" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். பொய்யைத் தைக்க என்னால ஆகாது." பாழான சதுரத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு இளையவள் கிளம்பிவிட்டாள்.

பிறகு ஆறு நாள் போன் இல்லை. தினமும் இரண்டு முறை பேசாவிட்டால் சோறு இறங்காத இருவரும் ஆறு நாள் பேசாமல் இருந்தார்கள். ஏழாவது நாள் ஒரு செய்தி மட்டும் வந்தது: போர்வை ரெடி.

பிறந்தநாள் அன்று காலை இரட்டையரும் மூத்தவளின் கணவரும் அம்மா வீட்டுக்குப் போனார்கள். இளையவள் கட்டில்மேல் போர்வையை விரித்தாள். தையல் அவ்வளவு நேர்த்தி. பத்துப் படச் சதுரம், ஓரமெல்லாம் அப்பாவின் நீலக் கோடு போட்ட சட்டை. துறைமுகப் படம் எங்கே என்று மூத்தவள் கண்ணால் தேடினாள். கால்மாட்டில், கடைசி மூலையில் இருந்தது.

"வேற இடமே கிடைக்கலையா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தோள்ல உக்காந்தவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் இளையவள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூத்தவளுக்கும் வந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

அம்மா இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டு வந்தாள். அப்பாவின் சட்டைத் துணி வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். கடைசி மூலைக்கு வந்ததும், "இப்பதான் இது சரியா வந்திருக்கு" என்றாள்.

இரண்டு பெண்களும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"அம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? படம் வந்த அன்னிக்கே, மாறிப் போயிருக்குன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன். பாக்க நல்லாத்தானே இருக்கு, விடுன்னாரு."

"பின்ன ஏம்மா இத்தனை வருஷம் வாயைத் திறக்கல?" மூத்தவள் கிட்டத்தட்டக் கத்தினாள்.

"திறந்தேனே. பள்ளிக்கூடம் போற வயசுல ரெண்டு தடவை சொன்னேன். மச்சத்தைக் காட்டிக் காட்டி ரெண்டு பேரும் என்னையே பொய்க்காரி ஆக்கிட்டீங்க. அப்புறம் எவ அடிச்சுக்குவா உங்களோட?"

"அது போகட்டும். அப்ப நான் கப்பலைப் பாக்கவே இல்லையாம்மா?" என்று கேட்டாள் இளையவள்.

அம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள். "ஏன் பாக்கல? இவ மேல ஏறினவ இறங்க மாட்டேன்னு ஒரே அழிச்சாட்டியம். நீ கீழ நின்னு அழுது, அவர் கால்சட்டையிலேயே மூக்கைத் துடைச்சே. அந்த நேரம் பாத்து போட்டோக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிட்டார். அப்புறம் உங்கப்பா இவளை இறக்கிட்டு உன்னை ஏத்தினார். வீடு வர்ற வரைக்கும் நீ இறங்கவே இல்ல. பஸ்ஸுல ஏறும்போது உன் தலை கதவுல இடிச்சு வீங்கிப்போச்சு, மறந்துட்டியா?"

இளையவள் கை தானாகத் தலைக்குப் போனது. "அந்த வீக்கம் ஊஞ்சல்ல விழுந்ததுன்னுல்ல நெனைச்சேன்."

"ஊஞ்சல்ல விழுந்தது இவ" என்றாள் அம்மா.

கணவர் இனி தாங்காது என்று வாசலுக்குப் போய்ச் சிரித்தார்.

அம்மா போர்வையை உதறி, முழங்கால்வரை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளியே நல்ல வெயில். "அம்மா, புழுங்கப் போகுது" என்றாள் மூத்தவள். "புழுங்கட்டும்" என்றாள் அம்மா. இளையவள் எழுந்து மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு வந்து, அக்காவை இடித்துத் தள்ளிக்கொண்டு, போர்வையின் இன்னொரு ஓரத்தை இழுத்துக் காலில் போட்டுக்கொண்டாள். இன்னும் எதையெதை மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இரண்டு பெண்களும் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள்.