வாய் திறக்காத ஒன்பது நாள்

சவப்பெட்டிக்குள் குனிந்து கணவருடைய சட்டைக் காலரை அவள் சரிசெய்துகொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் சண்டை தொடங்கிவிட்டது. பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய இங்கிலீஷ் அறிவிப்பில், இறந்துபோனார் என்பதை எப்படிப் போடுவது என்று.

“பாஸ்ட் அவே எல்லாம் சும்மா மழுப்பல். ‘டைடு’னு நேரா போடு. அண்ணன் இருந்தா அதைத்தான் சொல்லியிருப்பார்,” என்றார் கொழுந்தன். கல்லூரியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“கேக்கவே நல்லா இல்ல சித்தப்பா. அப்பா என்ன கொசுவா?” மகளுக்கு அழுது அழுது மூக்கு அடைத்திருந்தது. மடியில் லேப்டாப். “பாஸ்ட் அவேதான். கூட ‘பீஸ்ஃபுல்லி’ன்னு ஒண்ணு சேர்த்துக்கிறேன்.”

“பீஸ்ஃபுல்லியா? அதை அவர்ல வந்து சொல்லணும்!”

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கொழுந்தனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “வெரி சாரி சார். ஹி இஸ் எக்ஸ்பையர்ட் வென் சார்?” என்று கேட்டார்.

கொழுந்தன், மகள், மூலையில் உட்கார்ந்திருந்த பழைய ஆபீஸ்காரர்கள் நாலு பேர் என எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் பெட்டிப் பக்கம் திரும்பின. யாரும் யோசித்துத் திரும்பவில்லை, கழுத்துக்குப் பழகிப்போயிருந்தது. பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. மாடி வீட்டுக்காரர் தான் ஏதோ செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மெதுவாக ஒரு நாற்காலியைத் தேடிப்போனார்.

அவளும் காத்திருந்தாள். காலரிலிருந்து கையை எடுக்காமலே.

கால் சென்டரில் பிள்ளைகளுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுத்தவர் அவள் கணவர். ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் ‘மூணு தரம்’. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும், சரியானதைச் சொல்லிக் காட்டிவிட்டு, “மூணு தரம் சொல்லு” என்பார். கோபமாகச் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டுதான். அதனாலேயே தப்பிக்க முடியாது. வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்டுப் போன் செய்த பெண்ணுக்குக்கூடப் பாடம் எடுத்துத்தான் விட்டார். தினம் சாயங்காலம் தம்பியோடு அரைமணி நேரம் போனில் சண்டை. ‘ஆஃபன்’ என்ற சொல்லில் டி-யைச் சொல்லலாமா கூடாதா என்று ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். போனை வைத்ததும் அவருக்குப் பசி எடுக்கும்.

அவளிடம் அவர் ஒரே ஒரு தடவைதான் அப்படிச் சொன்னார். கல்யாணமான முதல் வருஷம், அவருடைய மேலதிகாரி வீட்டு விருந்தில். எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் ஏதோ கேட்க, இவள் தைரியமாக இங்கிலீஷில் பதில் சொன்னாள். அவர் சிரித்தபடி நிறுத்தி, ஒரு சொல்லைத் திருத்தி, “மூணு தரம் சொல்லு” என்றார். சொன்னாள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். யாருக்கும் கெட்ட மனசில்லை. மூன்றாவது தரம் சொல்லும்போது அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம், அவர் இருக்கும் இடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு இங்கிலீஷ் வாக்கியம் வந்ததில்லை. அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க இங்கிலீஷில்தான் வியாபாரம். ஃபிரேம் மூக்கில் இறங்குகிறதா, எழுத்து தெரிகிறதா, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று தப்பும் தவறுமாகப் பேசித் தள்ளுவாள். வாடிக்கையாளர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். அவர் எப்போதாவது கூட்டிப்போக வந்து வாசலில் நின்றால், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு, கூட வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டுவிடுவாள். அவருக்கு இது தெரியுமா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதில்லை.

“அண்ணி.” கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்றார். சண்டைக் குரல் போய், தணிந்த குரல். “பெட்டியை எடுக்கறதுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசணும்ங்கறாங்க. அண்ணன் கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னார்?”

விடிகாலையிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

“தண்ணி கேட்டார் தம்பி.”

“தண்ணியா? இங்கிலீஷ்லயா, தமிழ்லயா?”

“தமிழ்லதான்.”

கொழுந்தன் தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்த தாளில் அதைக் குறித்துக்கொண்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவர் தண்ணீர் கேட்கவில்லை. அவர் எதுவுமே கேட்கவில்லை, ஒன்பது நாளாக.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, வலது கையும் வாயின் ஒரு பக்கமும் விழுந்திருந்தன. பேச்சு உடைந்து உடைந்து வந்தது, ஆனால் வந்தது. வந்த மறுநாள் காலையில் அவர் முதுகுக்குப் பின்னால் தலையணையை ஏற்றி வைத்து, “சரியா இருக்கா?” என்று கேட்டாள். அவர் நன்றி சொல்வதுபோல அவளைப் பார்த்து, “கம்... ஃபோர்... டேபிள்” என்றார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்து திருத்தியிருப்பார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மூணு தரம் சொல்லுங்க,” என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். அதன்பின் தலையாட்டல், இடது கை ஜாடை, கண் சிமிட்டல். டாக்டர், இது நோயின் போக்குதான், சிலருக்குப் பேச்சு வந்து திரும்பப் போய்விடும் என்றார். அவள் அதை நம்பப் பார்த்தாள். ராத்திரி பகலாகக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “எதாவது சொல்லுங்களேன், தப்பா இருந்தா என்ன” என்று கெஞ்சினாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுப்பார், வாயைத் திறக்கமாட்டார். இன்று விடிகாலை பக்கவாதம் இரண்டாம் தடவை வந்து, அவள் விளக்கைப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான்தான் அந்த வாயை மூடினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

பதினோரு மணிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். வழக்கமாக வருகிற நேரம் அதுதான். தினம் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் அது, வாய்க்கு ஏதோ அசைவுப் பயிற்சி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தோளில் பை, வாசலில் கழற்றிய ஸ்போர்ட்ஸ் ஷூ. பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சமையலறை வாசலில் இருந்த அவளிடம் வந்தாள்.

“நேத்துகூட நல்லா இருந்தாரே ஆன்ட்டி. என்னால நம்பவே முடியல. நேத்து மட்டும் பதினாறு வார்த்தை சொன்னார்.”

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். “யாரு சொன்னா?”

“சார்தான்.”

“அவர் பேசறதில்லையேம்மா.”

“என்ன ஆன்ட்டி, கதவைச் சாத்தச் சொன்னதே அவர்தானே? மெதுவா, ரொம்ப மெதுவாத்தான் வரும். ஆனா விடமாட்டார். ஒவ்வொண்ணையும் மூணு தரம் சொல்லுவார். நான் போதும்னு சொன்னாலும் விரலை மடக்கி எண்ணிட்டு, மறுபடியும் ஆரம்பிப்பார்.” அந்தப் பெண் சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “உங்ககிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையா?”

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. அந்தப் பெண்தான் எட்டி அணைத்தாள்.

“ஆன்ட்டிகிட்ட எப்ப பேசப்போறீங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். ‘இன்னும் இல்ல. தப்பா வருது. அவ... கேப்பா’ன்னார்.” அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. “சர்ப்ரைஸா வெச்சிருக்கார்னு நினைச்சேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி.”

“நீ என்னம்மா பண்ணுவே,” என்றாள் அவள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. மண்டை வரைக்கும் ஏறும் கோபம். ஒன்பது நாள், ஒரே ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லிப் பார்த்திருக்கிறார். இந்தப் பக்கம் அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டு, தன்னைத் தானே தின்றுகொண்டு இருந்திருக்கிறாள். தப்பை அவ கேப்பாளாம். கேட்டால் என்ன? கேட்டால் என்ன ஆகிவிடும்? அந்தக் கேள்வியை அவளால் அதற்கு மேல் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை. காது எரிந்தது.

இரண்டு மணிக்கு வண்டிக்காரர்கள் வந்தார்கள். கொழுந்தன் தாளைப் பிரித்து இங்கிலீஷில் பேசினார். நல்ல இங்கிலீஷ், ஒரு பிசிறு இல்லை. கடைசியில் தண்ணீர் விஷயம் வந்ததும் குரல் உடைந்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், “மூடிடலாமாம்மா?” என்று கேட்டார்.

“கொஞ்சம் இருங்கப்பா.”

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பெட்டியோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

“மார்னிங் யுவர் பிரதர் இஸ் கமிங்,” என்றாள். “ஹி அண்ட் அவர் டாட்டர் ஃபைட்டிங் ஃபார் தி நோட்டீஸ்.”

மகள் நிமிர்ந்தாள். அம்மா இங்கிலீஷ் பேசி அவள் கேட்டதே இல்லை. ஆபீஸ்காரர்களில் ஒருவர் எழுந்து நின்றார்.

“தே ஆஸ்க் வாட் யூ டெல் லாஸ்ட். ஐ டெல் வாட்டர். ஐ டெல் லை.”

கொழுந்தனின் வாய் தானாகத் திறந்தது. மகள் அவர் கையைப் பிடித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“தட் கேர்ள் டெல் மி எவ்ரிதிங். வொய் யூ குளோஸ் தி டோர்?” அவள் குரல் ஏறியது, இறங்கியது. “ஐ ஆல்சோ சேம். தர்ட்டி ஒன் இயர்ஸ்.”

மூடியைப் பிடித்திருந்தவர் அதைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவள் கடையைப் பற்றிச் சொன்னாள். எந்த ஃபிரேம் அதிகம் விற்கிறது, எந்தக் கிழவர் கண் தெரிந்துவிட்டதென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், எல்லாம். தப்பும் தவறுமாக, இத்தனை பேர் கேட்க, உரக்க. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்ததைச் சொன்னாள்.