ஒப்பீட்டு நிலம்

ஊரில் மாதிரிப் பண்ணை வரப்போகிறது என்றதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சரிவின் மேல்பாதி அவருடையது, கீழ்ப்பாதி தம்பியுடையது. மண் காப்புத் திட்ட அதிகாரி, "ஒரு துண்டு செயல்விளக்கத்துக்கு, ஒண்ணு ஒப்பீட்டுக்கு. அஞ்சு வருஷம்" என்றார். தம்பி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"ஒப்பீடு என் நிலமா இருக்கட்டும்."

மற்ற நிலங்களையெல்லாம் தன் நிலத்தோடு ஒப்பிடப்போகிறார்கள் என்று அவராகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார். நாலெழுத்துப் படித்தவர் என்ற மிதப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

மறுவாரம் ஆட்கள் வந்து அவருடைய வரப்பை இடித்தார்கள். அவரும் மனைவியும் ஒன்பது வருஷம் கல் சுமந்து கட்டிய வரப்பு. அலறியடித்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினார்.

"ஒப்பீட்டு நிலத்துல வரப்பு, புல்லு எதுவும் கூடாதுங்க. ஒண்ணும் செய்யாம விட்டா மண்ணு எப்படிப் போகுதுன்னு காட்டத்தானே அது? நீங்கதானே கேட்டு வாங்கினீங்க?"

"மாதிரின்னு சொன்னீங்களே!"

"எப்படி இருக்கக் கூடாதுங்கிறதுக்கும் மாதிரி வேணுமே. விலகணும்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். தம்பிகிட்ட சொல்லுங்க."

தம்பியிடம் போய், எனக்கு அர்த்தம் தெரியவில்லை என்று சொல்வதா? மனைவி கெஞ்சிப் பார்த்தாள். "தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்று எரிந்து விழுந்தார்.

முதல் மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. முளைத்த பயிரோடு மேல்மண் கரைந்து, மண்ணை அளக்க நிலத்தின் கீழ் ஓரத்தில் கட்டியிருந்த தொட்டியில் போய் விழுந்தது. அதை ஆட்கள் அள்ளி எடை போட்டார்கள். நிலத்தில் கல் பல்லை இளித்தது.

சாயங்காலம் தம்பி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, ஒப்பீடுன்னா என்னன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என் நிலம் தப்பிக்கட்டும்னுதானே முந்திக்கிட்டீங்க? நான்தான் உங்களுக்குப் பேராசைன்னு நெனச்சுட்டேன். போதும்ணே, விலகிடலாம். நான் கையெழுத்துப் போடறேன்."

வாசலில் நின்ற மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தம்பி இப்படி நெகிழ்ந்து பேசி அண்ணன் கேட்டதேயில்லை.

"வேண்டாம்டா" என்றார். "நீ நல்லா இருந்தாப் போதும்."

தம்பி அவர் காலைத் தொட்டான். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் நாலு மழைக்காலம் இருந்தது.